தோட்டத்துத் தொட்டியில் ஆமை: கொங்கு வெயிலுக்கும் உப்புத் தண்ணிக்கும் தகுந்த முறை

அயல்நாட்டு ஆமைக் குறிப்புகளை எடுத்தால், குளம் உறைந்துபோனால் என்ன செய்வது என்பதிலேயே பாதிப் பக்கம் ஓடிவிடும். கொங்கு நாட்டில் அந்தக் கவலையே வேண்டாம். மார்கழி இரவிலும் கோயம்புத்தூரில் 17, 18 டிகிரி இருக்கும். ஆமை கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். இங்கே தொட்டியைக் கெடுப்பவை வேறு. ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் வெயில் ஒன்று. போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணி இன்னொன்று. இந்த இரண்டையும் கணக்கில் வைக்காமல் கட்டிய தொட்டி, எவ்வளவு செலவழித்திருந்தாலும் இரண்டாவது கோடையில் பல்லிளித்துவிடும்.

எந்த ஆமைக்கு இந்தத் தொட்டி

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு, நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிறார்களே, அந்த ரெட் இயர்டு ஸ்லைடருக்கு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் அதற்குச் சொந்த ஊர். பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும்; ஆண் 20 செ.மீ. வாக்கில் நிற்கும். ஒழுங்காக வைத்தால் 30 வருடம் இருக்கும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி ஒரு பக்கம், வாஸ்துக்கு ஆமை வையுங்கள் என்ற வியாபாரம் இன்னொரு பக்கம். நடுவில் மாட்டிக்கொள்வது ஆமைதான். தொட்டி கட்டப்போகிறோம் என்பதற்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. டப்பாவில் அடங்காமல் வளர்ந்துவிட்ட ஆமையை யாரிடமிருந்தாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள்.

நம் ஊர் ஆமைகள் பக்கமே போகக் கூடாது. வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கும் பாலாமை, காராமை, காட்டோரம் மேயும் நட்சத்திர ஆமை எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். கிணற்றிலிருந்து எடுத்துக் காப்பாற்றினோம் என்றாலும் வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வேறு அயல்நாட்டு இனம் கையில் இருந்து, அது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருக்குமானால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

அளவு

ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 15 லிட்டர் தண்ணீர் என்பது கண்ணாடித் தொட்டிக் கணக்கு. அதன்படி 25 செ.மீ. ஆமை இரண்டுக்கு 750 லிட்டர் போதும். ஆனால் வெட்ட வெளியில் 750 லிட்டர் தண்ணீர் மத்தியானம் மூன்று மணிக்குள் குளிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் அதிகமாக இருந்தால் மெதுவாகச் சூடேறும், மெதுவாகக் கெடும். அதனால் இரண்டு, மூன்று பெரிய ஆமைகளுக்கு 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனாரிடம் சொல்ல அடிக்கணக்கு இது: நீளம் 10 அடி, அகலம் 7 அடி. ஒரு கோடியில் ஆழம் 3 அடி, நடுவில் 2 அடி, மறுகோடியில் ஓர் அடியில் தொடங்கிக் கரைவரை சரிவு. சராசரி ஆழம் 2 அடி என்றால் 140 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் கிட்டத்தட்ட 4,000 லிட்டர். செலவு அதிகம் என்று எதையாவது குறைப்பதாக இருந்தால் நீள அகலத்தைக் குறையுங்கள். அந்த 3 அடிப் பள்ளத்தில் கை வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் ஆமை ஒதுங்குகிற இடம் அதுதான்.

இடம்

காலை வெயில் தடையில்லாமல் விழ வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் பாதித் தொட்டிக்காவது நிழல் வேண்டும். கிழக்கு திறந்து, மேற்கில் சுவரோ தோட்டத்துச் சாளை வீடோ இருக்கும் இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தென்னை மரத்தடி நிழல் ஆசை காட்டும். காயும் மட்டையும் விழும், வேண்டாம். வேம்பின் கீழ் வைத்தால் பங்குனியில் உதிர்கிற இலை பம்பின் வாயை அடைக்கும். அரளியும் எருக்கும் நஞ்சு, தொட்டி ஓரம் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள் என்றால் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை தூசியையும் சருகையும் அள்ளிக்கொண்டு வரும். மேற்கே ஐந்தடி உயரத்துக்கு வெட்டிவேர் வரிசையோ தட்டியோ இருந்தால் தொட்டியில் சேரும் குப்பை வெகுவாகக் குறையும்.

கட்டுவது

தரைக்குக் கீழே தோண்டுவதே நல்லது. சுற்றியிருக்கும் மண் தண்ணீரைச் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும். தரைமேல் எழுப்பிய தொட்டிக்கு நான்கு பக்கச் சுவரிலும் வெயில் ஏறும். பாறை குறுக்கிட்டு ஒன்றரை அடிக்குமேல் தோண்ட முடியவில்லை என்றால், மீதி ஒன்றரை அடியை மேலே எழுப்பி, வெளிப்பக்கம் மண் அணைத்துவிடுங்கள்.

அடியில் 4 அங்குல கான்கிரீட், சுற்றி 6 அங்குல சாலிட் பிளாக், உள்ளே 1:3 கலவைப் பூச்சு, மூலைகளை வளைவாக இழுத்துவிடுவது. செம்மண் பூமிக்கு இது போதும். கரிசல் பூமியில் கோடைக்கு மண் சுருங்கி வெடிக்கும், மழைக்கு உப்பும். அங்கே 8 மி.மீ. கம்பி கட்டாமல் கான்கிரீட் போட்டால் விரிசல் விழும். தரை முழுவதும் ஆழமான கோடியை நோக்கிச் சாய வேண்டும். அங்கே 2 அங்குல வடிகுழாயும் வெளியே பால் வால்வும் வைத்து, கழிவு வாழைக்கோ எலுமிச்சைக்கோ போகும்படி விடுங்கள். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று வடிகுழாயைத் தள்ளிப்போட்டவர்கள் வாரா வாரம் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விளிம்புக்கு அரையடி கீழே இன்னொரு 2 அங்குலக் குழாய், வாயில் சல்லடையோடு. ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டுகிற மழைக்கு அது.

பண்ணைக்குட்டைக்குப் போடும் சில்பாலின் விரிப்பு மலிவு. ஆனால் ஆமை நகம் கூர்மையானது, பெருச்சாளிப் பல் அதைவிடக் கூர்மையானது. விரிப்புதான் என்றால் 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் எடுத்து, அடியில் இரண்டு அங்குலம் மணலும் பழைய சாக்கும் போட்டு, சரிவுப் பகுதியில் மேலே தட்டைக் கல் பாவிவிடுங்கள்.

சரிவின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுவது முக்கியம். வழவழவென்று பூசித் தந்தால்தான் வேலை சுத்தம் என்று கொத்தனார் நினைப்பார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆமை மட்டுமல்ல, தவறி விழுகிற அணிலும் ஓணானும் ஏறிப் போக அதுதான் வழி. வெயில் காய்வதற்குத் தண்ணீரிலிருந்து வெளியே நீட்டியபடி ஒரு கட்டையோ, சாய்த்து வைத்த கருங்கல் பலகையோ வேண்டும். அசைந்தால் ஆமை ஏறாது. பலகை சரிந்தால் அடியில் சிக்கி மூழ்கியும் போகும். ஆகவே இரு முனையையும் காரை போட்டு இறுக்கிவிடுங்கள்.

புதுச் சிமெண்ட்

தொட்டி கட்டி முடித்த மறுவாரமே ஆமையை விட்டுக் கண் பொசுங்க வைப்பது அடிக்கடி நடக்கிறது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் எண் 11-ஐத் தாண்டிவிடும். பூச்சை இரண்டு வாரம் நனைத்துப் பதப்படுத்தியபின், தண்ணீர் நிரப்பி, வெட்டிய வாழைத்தண்டும் இரண்டு மூன்று கூடை சாணமும் போட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். வடித்து, தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று முறை. கடைசி முறை வெறும் தண்ணீர் மூன்று நாள் நின்றபின் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் பிஎச்சுக்குப் பக்கத்தில், 8.5-க்குக் கீழே இருந்தால் சரி. அவசரம் என்றால் குடிநீர்த் தொட்டிக்கென்று வரும் எபாக்ஸி பூச்சு அடித்து, டப்பாவில் சொன்ன நாள்வரை காயவிட்டு, கழுவி நிரப்பலாம்.

வடிகட்டி

மீனைவிட ஆமை பல மடங்கு அசுத்தம் பண்ணும். அதே எடையுள்ள மீனுக்கு வாங்கும் வடிகட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதைவிட 200 லிட்டர் நீல டிரம் இரண்டில் நாமே செய்வது நன்றாக உழைக்கும். டிரம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் மலிவாகக் கிடைப்பவற்றில் சாயப்பட்டறை ரசாயனம் வந்த டிரம்கள் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அவை ஆகாது. உணவுப் பொருள் வந்தது என்று உறுதியானதை மட்டும் எடுங்கள்.

தொட்டியிலிருந்து வரும் ஓர் அங்குலக் குழாய் முதல் டிரம்மின் நடுவுக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் திரும்பியபடி நுழைய வேண்டும். தண்ணீர் மெதுவாகச் சுழன்று கசடு அடியில் தங்கும். அடியில் வால்வு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் திறந்துவிட்டால் கறுப்பாக ஓடும். இரண்டாவது டிரம்மில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறட்டும். அரையடி உயரத்தில் பிளாஸ்டிக் கம்பித் தட்டு, அதன்மேல் முரட்டு ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்கு, அதற்குமேல் ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிய மின்வயர்க் குழாயோ, உடைந்த கூரை ஓட்டுச் சில்லோ. ஆமைக் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் இந்தச் சில்லுகளில்தான் குடியேறும். வெளியேறும் குழாய் இரண்டு அங்குலம். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே அளவாக வைத்தால் ஒரு இலை அடைத்தாலும் டிரம் வழியும், விடிவதற்குள் தொட்டி காலியாகியிருக்கும். அதற்காகவே பம்பைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயரத்தில் ஒரு கல்மேல் உட்கார வையுங்கள். என்ன ஆனாலும் ஓர் அடித் தண்ணீர் மிஞ்சும்.

அங்கிருந்து தண்ணீர் ஒரு ஜல்லிப் பாத்திக்குப் போய்த் தொட்டிக்குத் திரும்பினால் இன்னும் நல்லது. 6 அடிக்கு 3 அடி, ஆழம் ஒன்றரை அடி. அடியில் துளையிட்ட பிவிசி குழாய், மேலே கழுவிய 20 மி.மீ. கருங்கல் ஜல்லி, அதில் கல்வாழையும் வெட்டிவேரும். சம்பு வேண்டாம், அதன் வேர் விரிப்பைத் துளைக்கும். மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஜல்லியும் வேண்டாம், பிஎச் ஏறும். பாத்திக்குள் ஆமை நுழைய முடியாதபடி வைக்க வேண்டும். நுழைந்தால் ஒரே ராத்திரியில் உழுதுவிடும்.

பம்பு செய்யும் ஊரிலேயே இருந்துகொண்டு அரைக் குதிரைத்திறன் மோட்டாரைக் கொண்டுவந்து வைக்கத் தோன்றும். தேவையில்லை. ஐந்தடி உயரம் ஏற்றும்போது மணிக்கு 4,000 லிட்டர் தரும் நீரூற்றுப் பம்பு போதும். பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே இல்லாமல் அளந்த எண், அதை நம்பாமல் உயரத்துக்கான அட்டவணையைப் பாருங்கள். 70 வாட் பம்பு இரவு பகலாக ஓடினால் மாதம் 50 யூனிட். இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். தண்ணீருக்குள் மின்சாரம் ஓடுகிற காரியம் இது. பம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆமையின் கால் உறிஞ்சுவாயில் சிக்கும்.

மின்சாரம் ஐந்தாறு மணி நேரம் நின்றுபோனால் டிரம்முக்குள் காற்றில்லாமல் நுண்ணுயிர் செத்து, தண்ணீர் நாறத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாமல், இரண்டு டிரம்மையும் வடித்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்பாஞ்சைக் கழுவும்போது தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் ஆறு வாரமாக வளர்ந்த நுண்ணுயிர் ஒரே நிமிடத்தில் போய்விடும். ஆம், புது வடிகட்டி வேலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு பை சில்லு வாங்கிப் போட்டால் சீக்கிரம் தயாராகும்.

உப்புத் தண்ணிக் கணக்கு

சிறுவாணித் தண்ணி வருகிற வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், வேறு தொல்லை இல்லை. போர் தண்ணிதான் என்றால் முதலில், லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை.

10-க்கு 7 அடித் தொட்டியின் பரப்பு 6.5 சதுர மீட்டர். சித்திரையில் நாளுக்கு 8 மி.மீ. ஆவியானால் 52 லிட்டர், வாரத்துக்கு 360 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கும். உங்கள் போர் தண்ணி 1,500 டிடிஎஸ் என்றால், குறைந்ததை வெறுமனே ஊற்றி நிரப்பும் ஒவ்வொரு வாரமும் அரைக்கிலோ உப்பைத் தொட்டிக்குள் கொட்டுகிறீர்கள். எட்டு வாரத்தில் 4 கிலோ, அதாவது டிடிஎஸ் இன்னொரு 1,000 கூடிவிடும். ஓட்டின்மேல் வெள்ளைப் படிவம், பம்பின் விசிறியில் கல், செடி நுனி கருகல் எல்லாம் இங்கிருந்து வருவதுதான். ஊற்றி ஊற்றி நிரப்புவது தண்ணீர் மாற்றுவதாகாது. வாரா வாரம் அடிவால்வைத் திறந்து 800 லிட்டரை வெளியேற்றி, அதன்பிறகு நிரப்ப வேண்டும். அப்படிச் செய்தால் தொட்டி உப்பு போர் உப்பைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் நிற்கும். மொட்டை மாடி மழைநீரைச் சேர்த்து வைக்கும் வசதி இருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. முதல் மழையை மட்டும் தள்ளிவிடுங்கள்.

போர் தண்ணியில் பிஎச்சும் பெரும்பாலும் 8 வாக்கில் இருக்கும். பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியா கூடுதல் நஞ்சாகும். மார்கழியில் தெரியாத வடிகட்டிக் குறை சித்திரையில் தெரிவது இதனால்தான். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 40-க்குக் கீழே என்று இருக்க வேண்டும். வண்ணமீன் கடையில் கிடைக்கும், சொட்டு விட்டுத் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியால் மாதம் இருமுறை பாருங்கள்.

தண்ணீர் பச்சையாவது ஆமைக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. அதற்காக மயில்துத்தமோ பிளீச்சிங் பவுடரோ போடாதீர்கள். நிழலைக் கூட்டி, தீனியைக் குறைத்தால் தானே தெளியும். கொசுவுக்குக் கப்பி மீன் ஐம்பது விடுங்கள். பாதியை ஆமை தின்னும், மீதி குட்டி போட்டு நிரப்பிவிடும்.

கோடை

மாசி பிறந்ததும் மேற்குப் பாதிக்கு 50 சதவீதப் பச்சை நிழல்வலையை ஆறடி உயரத்தில் கட்டிவிடுங்கள். முழுத் தொட்டியையும் மூடக் கூடாது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து ஏற நேரடி வெயில் வேண்டும். கண்ணாடி வழியாக வருவது பயன்படாது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆழமான இடத்தின் அடியில் வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். 28 டிகிரிவரை சுகம். 32-ஐத் தாண்டினால் நிழலைக் கூட்ட வேண்டும். 35 என்றால் அபாயம். தண்ணீர் விடுவது விடியற்காலையில் மட்டும். பகலில் மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் திறந்தால் முதலில் வருவது கை வைக்க முடியாத சூடு. அதை ஆமைமேல் பிடித்து வேகவைத்தவர்கள் உண்டு. ஐஸ் கட்டியும் போட வேண்டாம்.

ஐப்பசிக்குப்பின் இரவுச் சூடு குறையும்போது ஆமையின் பசியும் குறையும். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போகும் வாரங்களில் தீனியைப் பாதியாக்குங்கள். சூடு இல்லாமல் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும்.

சுவரும் திருடர்களும்

ஸ்லைடர் ஏறும், தோண்டும். கம்பி வலை வேலி அதற்கு ஏணிமாதிரி. தொட்டியைச் சுற்றி மூன்றடி தரை விட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு வழவழப்பான சுவர், தரைக்குள் ஓர் அடி. உச்சியில் கடப்பாக்கல்லை உள்பக்கம் ஐந்து அங்குலம் நீட்டிப் பதியுங்கள். மூலைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தாண்டும் என்பதால் அங்கே நீட்டல் கட்டாயம்.

வெளியிலிருந்து வருபவை நாய், கீரி, பெருச்சாளி, காகம், பருந்து. இப்போது மயிலும். ஓடு 10 செ.மீ. தாண்டாத குட்டியை வெளியே விடவே வேண்டாம். பெரியதையும் கீரி கடித்துக் காலை எடுத்துவிடும். நாய் உலவும் தோட்டமென்றால் இரவுக்கு மூடிச் சட்டம் தேவை. வீட்டுக்குள் வளர்ந்ததை வெளியே மாற்ற மாசி நல்ல மாதம். சித்திரையில் மாற்றினால் தாங்காது. புதிதாக வந்த ஆமையை ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும். ஆண் ஒன்றுக்குமேல் வேண்டாம். முன்காலில் நீண்ட நகமும் தடித்த நீள வாலும் இருந்தால் ஆண். ஒரே பெண்ணோடு விட்டால் ஓயாமல் துரத்திக் கடிக்கும்.

தீனி

கடைக்காரர் கூடவே தருகிற காய்ந்த இறால் டப்பா தீனியே அல்ல, நொறுக்குத் தீனி. குட்டிக்குத் தினமும், ஆமைக்கென்று கடையில் விற்கும் குருணைத் தீனி. அதன் தலையளவு, பத்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வளர்ந்ததற்கு வாரம் இரண்டு நாள் குருணை, ஒரு நாள் மண்புழுவோ சிறு மீனோ, மற்ற நாளில் இலைதழை, ஒரு நாள் பட்டினி. முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்திப் பூ, துருவிய கேரட், பரங்கிக்காய் எல்லாம் நல்லவை. உடுமலைப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கும் தோட்டத்தில் மல்பெரி வாங்குவதானால் மருந்து அடித்து எத்தனை நாள் ஆனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலக்கீரை சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும், முட்டைக்கோஸ் அடிக்கடி ஆகாது. இட்லி, பிரட், பிஸ்கட், கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம்.

அசோலா அருமையான தீனி. ஆனால் தொட்டியிலேயே வளர்க்கப் பார்த்தால் ஒரே நாளில் காலி. நிழல்வலைக்குக் கீழே தனியாக ஒரு பாத்தி வைத்து, தினம் இரண்டு கைப்பிடி அள்ளி, சாண வாசம் போக அலசிப் போடுங்கள். ஒரு கணவாய் மீன் ஓட்டைத் தண்ணீரில் மிதக்க விட்டால் தேவைப்பட்டபோது கடித்துக்கொள்ளும்.

முட்டை

ஆண் இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். இட இடமில்லாவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்துச் செத்துப்போகும். வெளித் தொட்டியில் நல்ல ஆமை காரணம் தெரியாமல் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். கரையில் வெயில் படும் மூலையில் 3 அடிக்கு 3 அடி, ஓர் அடி ஆழத்துக்குச் செம்மண், மணல், பொள்ளாச்சி நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து, பிடித்தால் உருண்டையாகும் ஈரத்தில் வையுங்கள். ஆமை தீனி மறுத்துக் கரையிலேயே பின்காலால் தோண்டித் தோண்டிப் பார்த்தால் அதற்குத்தான். இட்ட முட்டையை 24 மணி நேரத்துக்குள் எடுத்து உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துப் புதைத்துவிடுங்கள். ஒரு முறைக்கு இருபதுவரை இடும், வருடத்தில் பல முறை இடும். அத்தனையையும் வளர்க்க ஊரில் இடமில்லை. குளத்தில் விடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் உள்ளது இந்த ஆமை. வாலாங்குளத்திலோ நஞ்சராயன் குளத்திலோ விட்டால் பாலாமையின் தீனியையும் காராமை வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

நோய்

கண் வீங்கி மூடியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு, அல்லது கெட்ட தண்ணீர். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, மூக்கில் குமிழி, வாயைப் பிளந்து மூச்சு விடுவது என்றால் நுரையீரல் சளி, காத்திருக்காதீர்கள். ஓட்டில் குழி, மெத்தென்ற இடம், நாற்றம் என்றால் ஓடு அழுகல். உலர்ந்த டப்பாவில் வைத்து, இளந்தேநீர் நிறத்துக்குக் கரைத்த போவிடோன் அயோடினால் பழைய பல்துலக்கியைக் கொண்டு தினமும் துடைத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீரில் விடுங்கள். ஒரு வாரத்தில் கெட்டிப்படாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். வளரும் ஆமையின் ஓட்டுத்தகடு மெல்லிய ஏடாக உரிவது நோயல்ல.

ஆமை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும் ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட விடாமல் இருப்பது நல்லது. தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

மருத்துவத்துக்கு நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆமையை ஈரத்துணி போட்ட, காற்றோட்டமுள்ள பெட்டியில் தண்ணீர் இல்லாமல் கொண்டு போகலாம். பக்கத்து ஊர் மருந்தகத்தில் காட்டுவதானால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூச்சிக்கு வழக்கமாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமை இனத்துக்கு ஆகவே ஆகாது. ஒரே ஊசியில் கைகால் செயலிழந்து உயிர் போகும். ஊசியில் ஏற்றும் முன் மருந்துக் குப்பியின் பெயரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.